பிசிஆரில் டெங்கு பாசிட்டிவ், வெரோ செல்லில் ஒன்றும் இல்லை. வைரஸ் செத்துவிட்டதா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா?

கரூர்_ஜேஆர்எஃப்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதுவரை பிசிஆர் மட்டும்தான் தெரியும். செல் வளர்ப்பில் கை வைத்து நான்கு மாதம்தான் இருக்கும். டெங்கு நோயாளிகளின் சீரத்திலிருந்து உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை.

ஒரு மருத்துவமனையிலிருந்து 11 சீரம் வந்தது. பதினொன்றும் பிசிஆரில் பாசிட்டிவ். சிடி மதிப்பு (குறைந்தால் ஆர்.என்.ஏ அதிகம் என்று பொருள்) 21இலிருந்து 32 வரை. 24 குழித் தட்டில் வெரோ என்ற குரங்குச் செல் வளர்த்தேன். குழி நிறைந்ததும் சீரத்தை மீடியத்தில் (செல்லுக்கு உணவாகும் திரவம்) பத்தில் ஒரு பங்காகக் கலந்து குழிக்கு 0.2 மில்லி விட்டேன். 37 டிகிரியில் ஒரு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை தட்டைச் சாய்த்துக் கொடுத்தேன். அப்புறம் அதை உறிஞ்சிவிட்டு 2 சதவீதம் கன்றுச் சீரம் சேர்த்த மீடியம் ஊற்றி ஏழு நாள் தினமும் பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. 7ஆம் எண் சீரம் விட்ட குழியில் மட்டும் மறுநாளே செல்கள் உருண்டு பாதி மிதந்தன. கிடைத்துவிட்டது என்று நினைத்து அந்தத் திரவத்தைப் புதுச் செல்லில் விட்டேன். அங்கே ஐந்து நாளாகியும் செல் அப்படியே இருக்கிறது. ஏழாம் நாள் வாக்கில் எல்லாக் குழியிலும் செல் சோர்ந்த மாதிரி தெரிந்தது. எதுவும் விடாத குழியிலும் அப்படித்தான்.

'வைரஸ் வளரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போ என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. சிடி 21 என்றால் அத்தனை ஆர்.என்.ஏ இருக்கிறது, அதில் ஒன்றுகூட உயிரோடு இல்லையா? செல்லைக் கொல்லாமல், உயிரோடு இருக்கும்போதே உள்ளே வைரஸ் பெருகுகிறதா என்று பார்க்க வழி இருக்கிறதா? கடைசியில் எனக்கு ஒரு எண்ணிக்கையும் வேண்டும், ஒரு மில்லியில் எத்தனை உயிருள்ள வைரஸ் என்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புனே_தமிழன்:

சுருக்கமாகச் சொல்கிறேன், இன்னும் ஒரு தட்டு முடிக்க வேண்டியிருக்கிறது. டெங்குவுக்கு முதலில் வெரோவுக்குப் போகாதீர்கள், சி6/36 கொசுச் செல்லுக்குப் போங்கள். நோயாளியிடமிருந்து நேராக வரும் வைரஸ் வெரோவில் மெதுவாகத்தான் பிடிக்கும். கொசுச் செல்லில் நன்றாகப் பெருகும், ஆனால் பெரும்பாலும் செல் சாகாது. அதனால் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. டெங்குவின் புரதத்தில் ஒட்டும் 4ஜி2 ஆன்டிபாடி போட்டு ஒளிரவைத்துத்தான் பார்க்க வேண்டும். 28 டிகிரி. எல்-15 மீடியம் என்றால் கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, மூடியை இறுக்கி வைக்கலாம். செல்லைப் பிரிக்கும் டிரிப்சினும் வேண்டாம், ஃபிளாஸ்க்கைத் தட்டினாலே செல் வந்துவிடும்.

நுண்ணோக்கி_1986:

தம்பி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். புனேக்காரர் சொன்னது சரி. ஆனால் செல்லை மாற்றுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தட்டில் பாசிட்டிவ் கன்ட்ரோல் எங்கே? எதுவும் விடாத குழி இருக்கிறது, அது நெகட்டிவ் கன்ட்ரோல். உயிரோடு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த டெங்கு வைரஸை விட்ட குழி எங்கே? எழுத மறந்துவிட்டாயா, வைக்கவே இல்லையா?

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். வைரஸ் ஆய்வகத்தில் செல் வளர்ப்பு டெக்னீஷியனாக 33 வருஷம் வேலை பார்த்து 2019இல் ஓய்வு பெற்றேன். அதில் பாதிக் காலம் போலியோ. கை கால் திடீரென்று விழுந்துபோன குழந்தைகளின் மலம் ஐஸ் பெட்டியில் வரும். ஒரு குழந்தைக்கு இரண்டு மாதிரி, ஒரு நாளாவது இடைவெளி விட்டு எடுத்தது. குளோரோஃபார்மும் கண்ணாடி மணியும் போட்டு 20 நிமிஷம் குலுக்கி, சுழலவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து இரண்டு வகைச் செல்லில் விடுவோம். ஒன்று ஆர்டி, மனிதத் தசைப் புற்றிலிருந்து வந்தது. இன்னொன்று எல்20பி. அது எலிச் செல், ஆனால் போலியோ வைரஸ் ஒட்டிக்கொள்ளும் மனித ஏற்பியை அதில் சேர்த்திருப்பார்கள். குடலில் இருக்கும் மற்ற என்டிரோ வைரஸ்களில் பெரும்பாலானவை எலிச் செல்லுக்குள் நுழையாது. ஆகவே எல்20பியில் செல் உருண்டால் போலியோவாக இருக்கலாம் என்று உடனே உஷாராகிவிடுவோம். ஐந்து நாள் பார்த்து, புதுச் செல்லுக்கு மாற்றி, இன்னும் ஐந்து நாள் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதுவோம்.

ஒரு வருஷம் மழைக்காலத்தில் மூன்று வாரம் தொடர்ந்து எல்லாக் குழாயும் நெகட்டிவ். அந்தப் பருவத்தில் வேறு என்டிரோ வைரஸாவது வந்திருக்க வேண்டும், ஒன்றுகூட வரவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். மாதக் கடைசியில் செல்லின் உணர்திறனைச் சோதிக்கத் தெரிந்த வைரஸை விட்டோம். பத்தின் ஏழாம் அடுக்கு என்று வர வேண்டிய அளவு, ஐந்தாம் அடுக்காகத்தான் வந்தது. அதாவது நூறு வைரஸ் இருந்தால் ஒன்றைத்தான் அந்தச் செல் காட்டியது. நைட்ரஜன் தொட்டியிலிருந்து புதுச் செல் எடுக்க வேண்டிய கட்டத்தைத் தாண்டி அதே செல்லை நாங்கள் வளர்த்துக்கொண்டே போயிருந்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வேகமாகவும் வளர்ந்தது. ஆனால் வைரஸைப் பிடிக்கும் குணம் போய்விட்டது.

அந்த மூன்று வார மாதிரிகளையும் உறைபெட்டியிலிருந்து எடுத்துப் புதுச் செல்லில் மறுபடி போட்டோம். இரண்டில் வைரஸ் வளர்ந்தது. போலியோ இல்லை, வேறு என்டிரோ வைரஸ். ஆனால் போலியோவாக இருந்திருந்தால்? அந்தக் குழந்தைகளின் ஊரில் இன்னும் எத்தனை குழந்தைகளுக்குப் போயிருக்கும்? பல நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து நான் பார்க்கும் எந்தத் தட்டிலும் பாசிட்டிவ் குழிதான் முதலில் கண்ணில் படும். இந்தியாவில் கடைசி போலியோ 2011 ஜனவரி 13, ஹவுராவில் ஒரு சிறு பெண் குழந்தை. 2014 மார்ச்சில் நம் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கு போலியோ ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள். அந்தச் சான்றுக்குப் பின்னால் நாடு முழுக்க ஆய்வகங்களில் எழுதிய நெகட்டிவ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'இருந்திருந்தால் இந்தச் செல் காட்டியிருக்கும்' என்று உறுதி செய்துகொண்டு எழுதியது. உன் 11 குழியைப் பற்றி உன்னால் இன்று அப்படிச் சொல்ல முடியுமா?

சரி, இனி செல்லுக்கு வருகிறேன். வெரோ, 1962இல் ஜப்பானில் சிபா பல்கலைக்கழகத்தில் யசுமுரா, கவகிதா இருவரும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. சி6/36இன் மூலம் நம் நாட்டுச் செல். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் 1967இல் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து வளர்த்ததை, 1978இல் இகராஷி பிரித்துப் பிரித்துப் பார்த்து, டெங்குவும் சிக்குன்குனியாவும் நன்றாகப் பிடிக்கும் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தார். வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெரோவால் சுரக்க முடியாது. சி6/36இல் வைரஸின் ஆர்.என்.ஏவை வெட்டிப்போடும் காவல் ஏற்பாடு பழுது. இரண்டுமே காவல் இல்லாத வீடுதான், அதனால்தான் வைரஸ்காரர்களுக்கு இவை இரண்டும் இவ்வளவு உதவுகின்றன.

ஆனால் வைரஸ் புகுந்தால் செல் செத்தே தீரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சிக்குன்குனியாவை வெரோவில் விட்டுப் பார், இரண்டு மூன்று நாளில் தரை காலியாகிவிடும். டெங்கு அப்படிச் செய்யாது. ருபெல்லாவை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? 1962இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வகத்தில் குரங்குச் சிறுநீரகச் செல்லில் அதை விட்டபோது செல்லில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பத்து நாள் போல விட்டுவைத்து, அதே குழாயில் செல்லைக் கட்டாயம் கொல்லும் எக்கோ 11 என்ற வைரஸை விட்டார்கள். ருபெல்லா இல்லாத குழாயில் செல் செத்தது. ருபெல்லா இருந்த குழாயில் செல் பிழைத்துக்கொண்டது. முதலில் வந்தது இரண்டாவது வருவதைத் தடுத்துவிட்டது. செத்தால்தான் வைரஸ் என்று நாம் நினைக்கிறோம், அங்கே சாகாமல் இருந்ததுதான் சாட்சி. முதல் தடவை இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரிடம், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

உன் 7ஆம் குழி வைரஸ் இல்லை, நச்சு. சீரத்தில் ரத்தம் சிதைந்திருந்தாலோ கிருமி கலந்திருந்தாலோ முதல் நாளே செல் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சுருங்கும். வைரஸ் என்றால் ஒரு இடத்தில் தொடங்கும். போலியோவில் அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். காலையில் பார்க்கும்போது செல்கள் கல் பாவிய தரை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். மாலையில் ஒரு மூலையில் ஐந்தாறு மட்டும் உருண்டு, ஓரம் பளபளவென்று மணி மாதிரி எழும்பி நிற்கும். மறுநாள் அதைச் சுற்றி இன்னும் பத்து இருபது. அப்புறம் மடமடவென்று எல்லாம் உரிந்து மிதக்கும். அடுத்த குழாய்க்கு மாற்றினால் நச்சு நீர்த்துப் போகும், வைரஸ் வேகம் எடுக்கும். நீ மாற்றிப் பார்த்தாய் பார், அது நல்ல வேலை. அதை யாரும் சொல்லாமலே செய்திருக்கிறாய்.

ஏழாம் நாள் எல்லாக் குழியும் சோர்ந்தது பசியாலும் நெருக்கத்தாலும்தான். நான்காம் நாள் மீடியத்தை மாற்றியிருக்கலாம்.

இப்போது நீ பதில் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு சீரமும் காய்ச்சலின் எத்தனையாவது நாள் எடுத்தது? எடுத்ததிலிருந்து உன் கைக்கு வரும்வரை எங்கே, எத்தனை டிகிரியில் இருந்தது? எத்தனை தடவை உருக்கி உறையவைத்தார்கள்?

கரூர்_ஜேஆர்எஃப்:

அம்மா, பாசிட்டிவ் கன்ட்ரோல் வைக்கவில்லை. எங்களிடம் தெரிந்த டெங்கு வைரஸ் இல்லை என்று விட்டுவிட்டேன். கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பக்கத்துத் துறையில் டெங்கு 2 வகை வைரஸ் வைத்திருக்கிறார்கள் என்று நேற்றுதான் தெரிந்தது.

இன்று மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். 11இல் எட்டு சீரம் காய்ச்சலின் ஆறாம் நாளோ அதற்குப் பிறகோ எடுத்தது. அதிலும் இரண்டு, காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போகும் அன்று எடுத்தது. எல்லாவற்றையும் மைனஸ் 20இல் வைத்திருந்தார்கள், ஐந்து வாரம். அதுவும் பனி படியாத வகைப் பெட்டி. தானாகச் சூடாகி மறுபடி குளிருமாமே, அந்த வகை. நான் பிசிஆருக்காக இரண்டு தடவை உருக்கினேன். பதிவேட்டைப் பார்க்காமலே வேலையைத் தொடங்கியது தப்பு.

நுண்ணோக்கி_1986:

இதை நீயே போய்ப் பார்த்து வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். உன் பாதிக் கேள்விக்குப் பதில் அந்தப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

டெங்கு வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. மைனஸ் 20இல் நாள்படக் கிடந்தாலும், உருகி உருகி உறைந்தாலும் அந்த உறை கிழிந்துவிடும். உறை போனால் செல்லுக்குள் நுழைய வழி இல்லை. ஆனால் உள்ளே இருந்த ஆர்.என்.ஏ ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் பிசிஆர் அதைப் பிடித்துக் கொடுக்கும். பிசிஆர் தேடுவது மரபுப் பொருளில் ஒரு சின்னப் பகுதியை மட்டும், முழு வைரஸை இல்லை. அதோடு, காய்ச்சல் இறங்கும் சமயத்தில் உடம்பில் ஆன்டிபாடி வந்து வைரஸை மூடிக்கொள்ளும். அதுவும் பிசிஆரில் பாசிட்டிவ்தான், செல்லில் வளராது. கொரோனாவில் உலகமே இதைப் பார்த்தது. 2020இல் மியூனிக் நோயாளிகளைப் பின்தொடர்ந்தவர்கள் முதல் வாரத்தில் தொண்டையிலிருந்து வைரஸை எளிதாக வளர்த்தார்கள். எட்டாம் நாளுக்குப் பிறகு ஆர்.என்.ஏ ஏராளமாக இருந்தும் ஒன்றையும் வளர்க்க முடியவில்லை.

ஆகவே ஆறாம் நாளும் அதற்குப் பின்னும் எடுத்த எட்டையும் ஒதுக்கி வை. மீதி மூன்றை மட்டும் முயற்சி செய், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதே. அதைவிட முக்கியம், மருத்துவமனைச் செவிலியரிடம் நேரில் பேசு. காய்ச்சலின் முதல் நான்கு நாளுக்குள் எடுத்த சீரம் வேண்டும் என்று சொல். ஐஸில் வைத்து அன்றே உன்னிடம் வரட்டும். வந்ததும் சின்னச் சின்னக் குப்பியாகப் பிரித்து மைனஸ் 70இல் வை. ஒரு குப்பி பிசிஆருக்கு, ஒரு குப்பி செல்லுக்கு, ஒன்றை ஒரு தடவைக்கு மேல் உருக்காதே. குப்பியில் பென்சிலால் எழுதிய தேதி அழிந்துவிடும், அதற்கென்று இருக்கும் பேனா வாங்கிக்கொள்.

சி6/36இல் விட்டு ஏழு நாள் வை. மேல் திரவத்தைப் புதுச் செல்லுக்கு மாற்று. மாற்றம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்று. இப்படி இரண்டு, வேண்டுமானால் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் திரவத்தில் பாதியை முதலில் மைனஸ் 70க்கு அனுப்பிவிட்டு, அப்புறம் செல்லைக் கண்ணாடிச் சில்லில் காயவைத்து அசிட்டோனில் நிலைப்படுத்து. அசிட்டோன் பட்டால் செல் செத்துவிடும், அதனால்தான் திரவத்தை முதலில் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். 4ஜி2 போட்டுக் கழுவி, பச்சை ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடியோடு கொஞ்சம் ஈவான்ஸ் புளூ சாயம் சேர். இருட்டறையில் பார்த்தால் தொற்றாத செல் மங்கலான செங்கல் நிறத்தில் இருக்கும். தொற்றிய செல்லில் உட்கரு இருக்கும் இடம் கறுப்பாக விட்டு, அதைச் சுற்றி ஆப்பிள் பச்சை பொடிப்பொடியாக மின்னும். செல் முழுக்க உட்கருவோடு சேர்த்து ஒரே சீராகப் பச்சையாக இருந்தால் நம்பாதே, அது செத்த செல் சாயத்தை உறிஞ்சியது. எதுவும் விடாத செல்லையும் பக்கத்துத் துறை டெங்கு 2 விட்ட செல்லையும் அதே சில்லில் வைத்துப் பார்.

செல் வளர்ப்பு வருவதற்கு முன்னால் பால்குடி எலிக்குட்டியின் மூளையில் விடுவார்கள். அப்புறம் கொசுவுக்கே ஊசி போட்டார்கள். அதில் டாக்சோரிங்கைட்டிஸ் என்று ஒரு பெரிய கொசு. அது ரத்தம் குடிக்காது, ஆகவே தப்பிப் பறந்தாலும் யாரையும் கடித்துப் பரப்பாது. மார்பில் துளி சீரத்தை ஏற்றி, சில நாள் கழித்துத் தலையைச் சில்லில் நசுக்கி இதே மாதிரி ஒளிரவைத்துப் பார்ப்பார்கள். செல்லைவிட அதில்தான் டெங்கு நன்றாகப் பிடிக்கும். வேலைதான் கடுமை. 1968இல் வேலூரில் டெங்கு பரவியபோது நான்கு வகையையும் மனிதரிடமிருந்தும் கொசுவிலிருந்தும் பிரித்தெடுத்தார்கள். பிசிஆர் என்ற சொல்லே இல்லாத காலம். உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் நடந்த வேலை. சொல்லிவைத்தால் உனக்குத் தெம்பாக இருக்கும் என்று எழுதினேன்.

ஒளிரும்_செல்:

உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடியுமா என்று தம்பி கேட்டதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் அந்தப் பக்கத்து ஆள், அதனால் சொல்கிறேன்.

முடியும். செல்லையே சொல்லவைப்பதுதான் அதில் உத்தி. ஹெர்பிஸ் வைரஸுக்கு ஒரு செல் உண்டு. வெள்ளெலிச் செல்லில் ஹெர்பிஸின் ஒரு மரபணு விசையைக் கடன் வாங்கி, அதன் பின்னால் நீல நிறம் உண்டாக்கும் நொதியின் மரபணுவை இணைத்திருக்கிறார்கள். உயிருள்ள ஹெர்பிஸ் உள்ளே வந்து தன் வேலையைத் தொடங்கினால்தான் அந்த விசை விழும். மறுநாள் சாயம் போட்டால் தொற்றிய செல் மட்டும் நீலமாக இருக்கும். செத்த வைரஸால் விசை விழாது. எச்.ஐ.விக்கும் இதே மாதிரி ஹீலா வழிவந்த செல் இருக்கிறது. ஆனால் இவற்றில் நிறம் பார்க்கும் கட்டத்தில் செல்லை உடைக்கவோ நிலைப்படுத்தவோ வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்டதுக்கு நெருக்கமானது, டெங்குவின் கத்திரி நொதியை வைத்துச் செய்தது. டெங்கு தன் புரதங்களை ஒரே நீள மாலையாகச் செய்து, அப்புறம் தன் நொதியாலேயே துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். அந்த நொதி வெட்டும் இடத்தை நடுவில் வைத்து, ஒரு முனையில் பச்சைப் புரதத்தையும் உட்கருவுக்குப் போகச் சொல்லும் முகவரியையும், மறுமுனையில் செல்லின் உள்சவ்வில் பிடித்துவைக்கும் நங்கூரத்தையும் சேர்த்து ஒரு புரதம் செய்தார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆட்கள் 2021இல் இதை டெங்குவுக்கும் கொரோனாவுக்கும் செய்து காட்டினார்கள். சாதாரணமாகப் பச்சை, உட்கருவுக்கு வெளியே சவ்வில் படிந்து கிடக்கும். டெங்கு புகுந்து நொதி செய்யத் தொடங்கியதும் கயிறு அறும். பச்சை உட்கருவுக்குள் ஓடிச் சேரும். செல்லைத் தொடவே வேண்டாம், மீடியத்தோடு சூடான மேடையில் வைத்து நாள் முழுக்கப் படமெடுக்கலாம். வட்டமாகக் கறுப்பாக இருந்த இடம் பச்சையாக நிரம்புவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு வைரஸ் ஒரு செல்லுக்குள் வேலை தொடங்கும் நேரம் அது.

ஆனால் நோயாளி சீரத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்க இது உதவுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அந்தச் செல்லும் வைரஸ் நன்றாகப் பெருகும் செல்லாக இருக்க வேண்டும், நுண்ணோக்கியும் விலை அதிகம். முதலில் சி6/36இல் வைரஸைக் கைப்பற்றுங்கள். வளர்த்த வைரஸ் எந்த நேரத்தில், எத்தனை செல்லில் புகுகிறது என்று பார்க்கும்போது இதற்கு வாருங்கள்.

கரூர்_ஜேஆர்எஃப்:

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். பழைய மூன்று சீரத்திலும் மூன்று சுற்றுக்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை. டெங்கு 2 விட்ட குழியில் முதல் சுற்றிலேயே பச்சை வந்தது, ஆகவே செல்லில் குறை இல்லை என்று இந்தத் தடவை உறுதியாக எழுத முடிந்தது. செவிலியர் அக்கா அப்புறம் ஐந்து புதுச் சீரம் கொடுத்தார். எல்லாம் இரண்டாம், மூன்றாம் நாள் எடுத்தது, ஐஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதில் இரண்டு, இரண்டாம் சுற்றில் பாசிட்டிவ். நீங்கள் சொன்ன மாதிரியே உட்கருவைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பச்சை. வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் சுற்றுத் திரவத்தில் எண்ணிக்கை எடுக்க வெரோவில் பிளேக் (வைரஸ் செல்லைத் தின்ற ஓட்டை) சோதனை போட்டேன். ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கவைத்த குழியில் 0.2 மில்லி விட்டு, கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கூழை மேலே ஊற்றி ஆறு நாள் அசைக்காமல் வைத்தேன். 34 பிளேக். அப்படியென்றால் மில்லிக்கு 1,70,000. சரிதானா அம்மா? படம் இணைத்திருக்கிறேன்.

நுண்ணோக்கி_1986:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தம்பி. குழாயடியில் கிரிஸ்டல் வயலட்டைக் கழுவிவிடும்போது ஊதா நீர் வழிந்து வழிந்து, கடைசியில் ஊதாத் தரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும் பார், அதைப் பார்த்து ஆறு வருஷமாகிவிட்டது. 1952இல் டல்பெக்கோ என்ற விஞ்ஞானி கோழிக் கருச் செல்லில் முதலில் செய்த அதே வேலை. நீ தினமும் ஊற்றும் டிஎம்இஎம் மீடியத்தின் முதல் எழுத்து அவர் பெயர்தான். ஒவ்வொரு புள்ளியும் உயிருள்ள ஒரு வைரஸ் இறங்கிய இடம். கூழ் ஊற்றி மூடியதால் அது தூரமாக நீந்திப் போக முடியாமல், பக்கத்துச் செல்களையே ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று பண்ணிய ஓட்டை.

கணக்குப் போட்ட முறை சரி. 34ஐ 0.001ஆலும் 0.2ஆலும் வகுத்தால் அதுதான் வரும். ஆனால் ஒரு குழியை வைத்து எழுதாதே. அதே அளவில் மூன்று குழி போட்டுச் சராசரி எடு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு விட்ட குழியில் மூன்று நான்கு இருக்கிறதா என்று பார். பத்து மடங்கு நீர்க்கவைத்தால் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் பைப்பெட் முனையை ஒவ்வொரு தடவையும் மாற்றினாயா என்று யோசி.

அப்புறம், உன் படத்தில் இடது பக்கக் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு வெள்ளை இருக்கிறது. அது பிளேக் இல்லை, கூழ் ஊற்றும்போது முனை பட்டுச் செல் உரிந்த இடம். ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருக்கிறது பார், பிளேக்கின் ஓரம் மங்கலாக இருக்கும். 34இல் அதையும் சேர்த்து எண்ணியிருந்தால் கழித்துவிடு.